எல்லா வாசற்காலிலும் சுண்ணாம்பு

அருளம்பலம் இறந்த செய்தியை அவருடைய மகள்தான் அலோர் ஸ்டார் பக்கத்து மெர்கோங்கிலிருந்து தொலைபேசியில் சொன்னாள். "அங்கிள், அப்பா போயிட்டாரு" என்றாள். நான் உடனே, "யார் சொன்னது?" என்று கேட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பேசுகிற மகளிடம் கேட்கிற கேள்வியா அது? எதையும் முதல் தடவை கேட்டவுடன் நம்பும் பழக்கம் எனக்குக் கிடையாது. பால்காரர் பாலை ஊற்றும்போதும் பாத்திரத்தின் அடியைப் பார்க்கிறவன் நான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்கதான் அங்கிள் அப்பாவுக்கு ரொம்ப பழைய கூட்டாளி. நினைவு மலருக்கு நீங்கதான் எழுதணும்" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் எதற்குச் சரி என்று சொன்னேன் என்பது உறைத்தது.

அவரை அறிந்தவர்கள்தான் இந்த மலரைப் படிக்கப்போகிறீர்கள். உங்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள், அவர் தலைமையில் தோட்டம் தோட்டமாகத் தொண்டுக்குப் போனவர்கள். கல்லூரி மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பாலிங் வரைக்கும் பஸ்ஸில் போய்க் கால்வாய் வெட்டியதையும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததையும் நீங்களே எழுதிவிடுவீர்கள். அவருடைய ஒரு வினோதமும் உங்களுக்குத் தெரியும். உதவி பெறுகிறவர்களின் பெயரைத் தாளில் எழுத விடமாட்டார். எந்த வீட்டில் யாருக்கு மருந்து, யாருக்கு அரிசி என்று குறித்துக்கொள்ள யாராவது பென்சிலை எடுத்தால் பிடுங்கிக்கொள்வார். "தாளில எழுதாதை. மண்டைக்குள்ள எழுது" என்பார். கிழவருக்குப் பிடிவாதம் என்று நீங்கள் சிரித்திருப்பீர்கள். அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடம் அதைச் சொல்லாமல் இருந்தவனும் நான்தான்.

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலம் அது. எங்கள் கல்லூரி சில மாதம் பூட்டிக் கிடந்து மறுபடி திறந்திருந்தது. காலையில் ஜப்பானிய மொழி, பிற்பகலில் விளையாட்டுத் திடலில் மரவள்ளி நடுவது, அதுதான் படிப்பு. மேல் வகுப்பில் இருந்த நாங்கள் பதினொரு பேர் சேர்ந்து ஒரு தொண்டர் குழு ஆரம்பித்தோம். எந்த ஆசிரியரும் தூண்டவில்லை. திடலில் விளைந்த கிழங்கில் எங்கள் பங்கைச் சேர்த்து, சனிக்கிழமைதோறும் ஜித்ராவுக்கு அப்பால் இருந்த மேட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்க் கஞ்சி காய்ச்சி ஊற்றுவோம். டியூப் கிடைக்காததால் டயருக்குள் தேங்காய்க் கயிற்றைத் திணித்த சைக்கிள்கள். போய்ச் சேர்வதற்குள் இடுப்பு கழன்றுவிடும். கஞ்சி முடிந்ததும் காலில் புண் வைத்தவர்களுக்கு உப்புத் தண்ணீரில் கழுவி மயில்துத்தம் வைப்போம். அந்தத் தோட்டத்தைத் தேர்ந்தெடுத்தது என்னால்தான். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த அந்த லயத்தில் பிறந்தவன் நான். அப்பா இறந்த பிறகு அம்மா மட்டும் அங்கே ரப்பர் பால்மரம் சீவிக்கொண்டிருந்தாள். நான் அலோர் ஸ்டாரில் மளிகைக் கடை வைத்திருந்த தாய்மாமா வீட்டில் தங்கிப் படித்தேன்.

அந்தப் பதினொரு பேரில் அருளம்பலமும் ஒருவர், ரயில்வே குமாஸ்தா ஒருவரின் மகன். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்போது தோட்டத்துப் பிள்ளைகளான எங்களுக்கு யாழ்ப்பாணத்தார் என்றாலே ஒரு முறைப்பு உண்டு. கால்சட்டை மடிப்புக் கலையாமல் ஆபீஸ் பக்கம் சாய்கிறவர்கள் என்பது எங்கள் எண்ணம். இவர் போதாக்குறைக்கு மூன்றே மாதத்தில் ஜப்பானிய மொழியைப் பேசக் கற்றுக்கொண்டார். தோட்டத்துக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. அதிகாரியிடம் அவரே போய்ப் பேசி, சிவப்பு முத்திரை குத்திய சீட்டோடு அரை மணி நேரத்தில் வெளியே வந்தார். மற்றவர்கள் கைதட்டினார்கள். உள்ளே இவ்வளவு சுலபமாகக் காரியம் முடிந்தது எப்படி என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து அவர்மேல் ஒரு கண் வைத்தேன்.

கஞ்சி ஊற்றுவதில் ஒரு தகராறு இருந்தது. பலம் உள்ளவர்கள் முந்திக்கொள்வார்கள். ஆண் துணை இல்லாத வீடுகளுக்கு அடிக்கஞ்சிதான் மிஞ்சும். அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆண் இல்லாத வீட்டு வாசற்காலில் மூன்று விரலால் சுண்ணாம்பு இழுத்துவிடுவது. சுண்ணாம்பு உள்ள வீட்டுக்கு முதலில் கஞ்சி. வாசற்காலில் பட்டை இழுப்பது நம் ஜனங்களுக்குப் புதிதா என்ன? யாரும் ஏன் என்று கேட்கவில்லை. முதல் அடையாளத்தை என் அம்மா வீட்டில்தான் வைத்தேன். இரண்டு வாரத்தில் தகராறு ஓய்ந்தது. அருளம்பலம் மட்டும் முகத்தைச் சுளித்தார். "வாசலில எழுதாதையடாப்பா. எல்லாருக்கும் கண் இருக்குது. எந்த வீடு எண்டு நாங்கள் மனப்பாடம் செய்வம்" என்றார். யோசனை தன்னுடையதாக இல்லையே என்ற பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். மண்டைக்குள்ள எழுது என்று அவர் முதலில் சொன்னது என்னிடம், அன்றைக்குத்தான்.

அந்தச் சமயத்தில்தான் சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடித்தார்கள். லாரி தோட்டத்து ரோட்டில் திரும்பும் சத்தம் கேட்டதும் ஆண்கள் லயத்துக்குப் பின்னால் இருந்த சதுப்புக்குள் இறங்கிவிடுவார்கள். பெண்கள் பொட்டை அழித்துத் தாலியைக் கழற்றிக் காலிப் பானைக்குள் போட்டுவிட்டு வாசலில் வந்து நிற்பார்கள். "ஆம்பள இல்லிங்க ஐயா, செத்துப்போயிட்டாரு" என்று எல்லா வீட்டிலும் ஒரே பாட்டு. உண்மையான விதவை யார், பொய் விதவை யார் என்று வந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? இரண்டு தடவை லாரி வெறுமனே திரும்பிப் போனது. உயிரோடு இருக்கிற புருஷனைச் செத்துப்போனான் என்று சொல்வது ஒரு பெண்ணுக்கு என்ன பாடு என்று எனக்கு அந்த வயதில் தெரியாது.

மூன்றாவது தடவை லாரி வந்தது ஒரு வியாழக்கிழமை. சனிக்கிழமை நாங்கள் போனபோது லயமே எழவு வீடாகக் கிடந்தது. நடமாடக்கூடிய ஆண்களில் பாதிப் பேரை ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கஞ்சிப் பானையை இறக்கியதும் அஞ்சலை அக்கா வந்து அதைக் காலால் எட்டி உதைத்தாள். எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தவள் அவள். புருஷன் வீரனையும் பிடித்துப் போயிருந்தார்கள்.

"வந்தவன் கதவத் தட்டல, யாரையும் ஒண்ணும் கேக்கல" என்றாள். "வாசக்காலப் பாத்துக்கிட்டே நடந்தான். சுண்ணாம்பு இருந்த வீட்ட விட்டுட்டான். இல்லாத வீட்டு முன்னால துப்பாக்கிய வச்சுக்கிட்டு ஒக்காந்துட்டான். புள்ளைய இழுத்து வெயில்ல நிறுத்தினான். புள்ள அழுவுறது கேட்டு அந்த மனுசன் சதுப்புலருந்து தானா ஏறி வந்தாரு. உசிரோட இருக்கிறவரச் செத்துட்டாருன்னு என் வாயால சொன்னேனே! அந்தச் சுண்ணாம்புக்கு என்ன அர்த்தம்னு அவனுக்கு யாருடா சொல்லிக் குடுத்தது?"

பதில் சொல்ல வேண்டிய நேரம் அது. நான் மெதுவாகத் தலையைத் திருப்பி அருளம்பலத்தைப் பார்த்தேன்.

நான் பார்த்ததால் எல்லோரும் பார்த்தார்கள். ஜப்பானிய மொழி தெரிந்தவர். செவ்வாய்க்கிழமை அதிகாரியின் ஆபீசுக்குப் போய்விட்டு வந்தவர். யாழ்ப்பாணத்தார். கணக்குச் சரியாக இருந்தது. "செவ்வாய்க்கிழமை ஆபீசுல என்ன பேசினே?" என்று கேட்டதும் நான்தான். "பாஸ் புதுப்பிச்சன்" என்றார். "வேற?" என்றேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு, "வேறொண்டும் இல்லை" என்றார். அஞ்சலை அக்கா அவர் முகத்தில் காறித் துப்பினாள். அவர் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கே குழுவிலிருந்து அவரை நீக்கினோம். ஆள்காட்டி என்ற பெயர் தோட்டத்தில் நிலைத்தது.

இதுவரை எழுதியது எளிது. இனி எழுதுவதற்காகத்தான் மூன்று நாளாகப் பேனாவை எடுப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன்.

லாரி வருவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நான் மாமா கடையில் நின்றிருந்தேன். அருளம்பலம் உப்பு வாங்க வந்திருந்தார். அப்போது ஒருவர் புகையிலை வாங்க வந்தார். தமிழர். ஜப்பானியரின் ஆபீசில் ஏதோ வேலையாக இருக்கிறார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். "தம்பி, நீங்க காலேஜ் பிள்ளைங்க தோட்டத்துல ரொம்ப பாகூஸ் வேலை செய்றீங்களாமே!" என்றார். அவர் வாயிலிருந்து பாகூஸ் என்ற பாராட்டைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்தையே சந்தேகப்படுகிற நான் அந்த ஆளை மட்டும் சந்தேகப்படவில்லை. கஞ்சிக்கு முந்தும் தகராறு, அதைத் தீர்க்க நான் கண்ட வழி, மூன்று விரல் சுண்ணாம்பு, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அருளம்பலம் என் காலை மிதித்தார். நான் காலை நகர்த்திக்கொண்டு மேலும் சொன்னேன். "மூளைலா தம்பி உனக்கு" என்று தோளில் தட்டிவிட்டு அந்த ஆள் போனார். அருளம்பலம் என்னிடம், "உனக்கு வாயில ஒரு பூட்டு வேணும்" என்றார். மறுபடியும் பொறாமை என்றுதான் நினைத்தேன்.

யார் சொல்லிக் கொடுத்தது என்று அஞ்சலை அக்கா கேட்டபோது அந்த இடத்தில் விடை தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் திரும்பி மற்றவரைப் பார்த்தான். மற்றவர் பேசாமல் இருந்துவிட்டார்.

அடுத்த வாரம் இன்னொன்று நடந்தது. அருளம்பலம் ஒரு பழைய பால் டின் நிறையச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு தனியாக மேட்டுத் தோட்டத்துக்கு நடந்தே போனார். சைக்கிளில் போனால் கயிற்று டயர் சத்தத்தில் தெரிந்துவிடும் என்று நினைத்திருப்பார். எல்லோரும் ரப்பர் மரங்களில் பால் எடுத்துக்கொண்டிருந்த பகல் நேரம். லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும், ஒரு வீடு விடாமல், எல்லா வாசற்காலிலும் மூன்று விரல் பட்டை இழுத்தார். கடைசி வீட்டில் இருக்கும்போது பால் வாளியோடு திரும்பியவர்கள் பார்த்துவிட்டார்கள். அடுத்த லாரிக்கு அடையாளம் போடுகிறான் ஆள்காட்டி என்று அடித்தார்கள். பால் வாளி தூக்கும் காண்டா கம்பை எடுத்து வலது கையில் போட்டார்கள். கரும்பலகையில் எழுதும்போது அவருடைய இரண்டு விரல் மடங்கியே இருக்குமே, நீங்கள் பார்த்திருப்பீர்கள். சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்.

செய்தி கேட்டு நானும் போனேன். என் அம்மா, "அந்தப் பையன் எதுக்குடா எல்லா வீட்டுக்கும் பூசினான்?" என்று கேட்டாள். "தடயத்தை அழிக்கிறான்மா" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு வந்த லாரி வாசற்காலைப் பார்த்துக்கொண்டே லயத்தைச் சுற்றியது. எல்லா வீட்டிலும் சுண்ணாம்பு. எல்லா வீட்டு வாசலிலும் பொட்டில்லாத பெண்கள். ஒருவரையும் ஏற்றாமல் திரும்பிப் போனது. மாரியம்மன் கண் திறந்தாள் என்று தோட்டத்தில் பொங்கல் வைக்க மரவள்ளி மாவு கேட்டார்கள். நாங்கள் கொடுத்தோம். அன்றைக்கே நான் வாயைத் திறந்திருக்கலாம். மாவைத்தான் அள்ளிப் போட்டேன்.

சண்டை முடிந்தது. வீரன் சயாமிலிருந்து திரும்பவில்லை. போனவர்களில் திரும்பியவர்கள் ஓரிருவர்தான். அருளம்பலம் ஆசிரியரானார், நானும் ஆனேன். ஒரே ஊர், ஒரே சங்கம், பார்த்தால் பேசுவோம். உங்களுக்கு நாங்கள் பழைய கூட்டாளிகள். நான் எப்படி இருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். இந்த மனிதர் ஏன் இன்னும் சொல்லவில்லை? எப்போது சொல்வதற்காக வைத்திருக்கிறார்? என் கல்யாணத்தில் அவர் எழுந்து மைக்கருகே போனபோது இன்றோடு முடிந்தேன் என்று நினைத்தேன். வாழ்த்திவிட்டு இறங்கினார். எனக்குத் தலைமையாசிரியர் பதவி வந்தபோது, இப்போது ஒரு கடிதம் போகும் என்று மாதக்கணக்கில் காத்திருந்தேன். கடிதம் போகவில்லை. நல்ல மனிதர் என்று அதற்கு ஒரு சின்ன விளக்கம் இருந்தது. அதை மட்டும் என் புத்தி ஏற்கவில்லை.

கல்லூரித் தொண்டர் குழுவின் ஆண்டு விழாவில் நீங்கள் எனக்கு மாலை போட்டீர்கள். ஜப்பான்காரன் காலத்திலேயே தொண்டுக்கு வித்திட்டவர் என்று மேடையில் சொன்னீர்கள். அருளம்பலம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேட்டுத் தோட்டத்திலிருந்து வந்திருந்த இரண்டு பேர் அவரைக் காட்டி ஏதோ முணுமுணுத்துவிட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். இன்றைக்கு எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். எழுந்தார், கூட்டம் முடிந்த பிறகு. என்னிடம் வந்து, "சாப்பிட்டனியே? பந்தி முடியப் போகுது" என்றார்.

போன பங்குனியில் அவரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். மகள் மருந்து வாங்கப் போயிருந்தாள். நானாகத்தான் ஆரம்பித்தேன். "அருள், அந்தச் சுண்ணாம்பு விஷயம்…" என்று இழுத்தேன்.

"நாற்பது வருசம் எடுத்திருக்குது உனக்கு" என்றார். சிரித்தாரா, இருமினாரா என்று தெரியவில்லை.

"ஏன் சொல்லல?"

"உன்ர அம்மா அந்த லயத்திலதானே இருந்தவ. சொன்னா அவவை அங்க இருக்க விடுவினமோ? நான் டவுனுக்கு என்ர வீட்டுக்குத் திரும்பி வரலாம். அவ எங்க போறது?"

"அம்மா செத்தே இருபது வருசம் ஆச்சே."

"அதுக்குப் பிறகு நீ சொல்லுவாய் எண்டு பார்த்துக்கொண்டு இருந்தன்" என்றார். "எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம்? எனக்குத் தெரியுந்தானே. அஞ்சலைக்குச் சொல்லு" என்றார்.

சரி என்று தலையாட்டினேன். பங்குனி உத்திரம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். பிறகு என் மனைவிக்குக் காய்ச்சல். பிறகு ஒரு காரணமும் இல்லை. அதற்குள் அவர் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஜித்ராவுக்குப் போனேன். அஞ்சலை அக்கா அங்கே ஒரு தாமான் குடியிருப்பில் மகன் வீட்டில் இருக்கிறாள். அன்று வெயிலில் நிறுத்தப்பட்ட பிள்ளைதான் அந்த மகன். அக்கா முன்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அருளம்பலம் இறந்துவிட்டார் என்றேன். "ஒழிஞ்சானா?" என்றாள். கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மாமா கடை, புகையிலை வாங்க வந்தவர், என் வாய், காலை மிதித்தது, எல்லா வாசற்காலிலும் சுண்ணாம்பு ஏன் என்பது. எதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. என்னை அடித்துவிடுவாள் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "ஒங்கம்மாவுக்குத் தெரியுமா?" தெரியாது என்றேன்.

அவள் எழுந்து வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனாள். வாளி நிறைகிற சத்தம் கேட்டது. கட்டிய புடவையோடு தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள், ஒன்று, இரண்டு, மூன்று வாளி. சொந்தத்தில் சாவு விழுந்தால் மட்டும்தான் அப்படி ஊற்றிக்கொள்வார்கள். ஈரம் சொட்டச் சொட்ட வந்து என் முன்னால் நின்றாள்.

"அவுங்க வீட்டுல கருமாதி என்னைக்கு?"

முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி என்று சொல்வார்கள் என்றேன். கிழமையையும் சொன்னேன்.

"நான் போறேன்" என்றாள். "நீ வராத."

அதனால் அன்றைக்கு நான் வரமாட்டேன். அஞ்சலை என்று ஒரு வயதான அம்மாள் வந்தால், அவரை அருளம்பலத்தின் மகளுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். இந்த மலரை வாங்கிப் போகிறவர்கள் மேட்டுத் தோட்டத்தார் யாரைக் கண்டாலும் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். அருளம்பலத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று எழுதி முடிப்பதுதான் வழக்கம். நாற்பது வருடமாக அவருடைய நல்ல பெயரை நான் வைத்துக்கொண்டிருந்தேன். இனி வைத்துக்கொள்ள முடியாது. ஆள்காட்டி நான்தான்.